எழுபதுக்கு மூணு கம்மி

ரொம்ப நாளா எழுதாமத் தள்ளிப்போட்டுட்டு இருந்த விஷயம் இது. எழுதினா வேலை செய்யற இடத்தைக் காட்டிக்குடுத்த மாதிரி ஆயிருமோன்னு ஒரு பக்கம். எழுதலைன்னா நான் பண்ணுனதை நானே மூடி மறைச்ச மாதிரி ஆயிருமேன்னு இன்னொரு பக்கம். சரி, கம்பெனி பேரு வேண்டாம். திருப்பூர்ல இருக்கற எத்தனையோ பனியன் கம்பெனில அதுவும் ஒண்ணுன்னு வச்சுக்கங்க. நான் பண்ணுனதை மட்டும் சொல்றேன்.

நான் டைம் ஆபீஸ்காரன். இருபது வருஷத்துக்கு மேல இதே பொழப்பு. யாரு எத்தனை மணிக்கு உள்ள வந்தாங்க, யாருக்கு ஒண்ணரை ஷிப்ட், யாருக்கு பீஸ் ரேட், பிஎஃப் எவ்வளவு, ஈஎஸ்ஐ எவ்வளவு... இதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகணும். ஆரம்பத்துல மதுரைப் பக்கம், தேனிப் பக்கம் ஆளுங்க வருவாங்க. ரேசன் கார்டு ஜெராக்ஸ் ஒண்ணு வாங்கி ஃபைல்ல சொருகுனா முடிஞ்சது. அப்புறம் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம்னு ஆளுங்க வர ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் காதர்பேட்டைப் பக்கம் போய்ப் பாருங்க, தமிழ் காதுல விழறதே கம்மி.

அதனால எங்களுக்கும் பேப்பர் பாக்கற வேலை கூடிப்போச்சு. வெளிநாட்டு பையர் ஆடிட் அனுப்பறான், வயசு சர்ட்டிபிகேட் பாக்கணும். தொழிலாளியோட ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைக் கம்பெனி வாங்கி வச்சுக்கறது பெரிய தப்புன்னு சொல்லிக்குடுத்ததும் அவன்தான். (அதுக்கு முன்னாடி நாங்க பீரோவுல வச்சுப் பூட்டிட்டு இருந்தோம். பத்திரமா இருக்கட்டும்னுதான்... அப்படின்னு நாங்க சொல்லிக்குவோம்!) 2021-ல இருந்து ஆதார் இணைக்காத யூஏஎன்னுக்கு பிஎஃப் கட்டவே முடியாதுன்னு ஆச்சு. அதே வருஷம் ஆகஸ்ட்ல ஈ-ஷ்ரம் வந்துச்சு. அது பிஎஃப், ஈஎஸ்ஐ இல்லாதவங்களுக்கு. 2023 மார்ச்ல வடமாநிலத்துப் பசங்களைத் தமிழ்நாட்டுல அடிக்கறாங்கன்னு பொய் வீடியோ பரவி, பீகார்ல இருந்து அதிகாரிங்க குழு வந்து இங்கெல்லாம் விசாரிச்சுட்டுப் போனது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் தொழிலாளர் துறையில வெளிமாநிலத்து ஆளுங்களைப் பதியறதுக்கு தனியா ஒரு போர்ட்டல். அதையும் நான்தான் தட்டணும்.

இத்தனை பேப்பர்லயும் ஒரு கேள்வி மட்டும் வந்ததே இல்லை. "நீ இந்த நாட்டு ஆளா?" அதை யாரும் என்னைக் கேக்கச் சொல்லலை. ஈஎஸ்ஐ சட்டத்துல இருந்தது தொழிலாளிங்கற வார்த்தைதான். மாசச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா உள்ள வந்துருவாங்க, அவ்வளவுதான். தொழிலாளி பங்கு முக்கால் சதவீதம், கம்பெனி பங்கு மூணேகால் சதவீதம். ரேசனும் அப்படித்தான். ஒரே நாடு ஒரே ரேசன் திட்டத்துல தமிழ்நாடு சேர்ந்தது 2020 அக்டோபர்ல. அந்தப் பசங்க ஊர்க் கார்டு நம்பரைச் சொல்லி விரலை வச்சா அரிசியோ கோதுமையோ கிடைக்கும். அசாம்தான் கடைசியா 2022 ஜூன்ல சேர்ந்துச்சு. அங்கயும் மெஷின் பாக்கறது விரல் ரேகையைத்தான்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன்.

2025 ஜனவரி, பொங்கலுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடி, பல்லடம் அருள்புரம் பக்கம் போலீஸ் சோதனை பண்ணி வங்கதேசத்துக்காரங்க இருபத்தஞ்சு பேருக்கு மேல பிடிச்சாங்க. அனுமதி இல்லாம எல்லை தாண்டி வந்து பனியன் கம்பெனியில வேலை செஞ்சுட்டு இருந்தவங்க. கையில போலி ஆதார் கார்டு. பேப்பர், டிவி எல்லாம் அதுதான். போலீஸ் பண்ணுனது தப்புன்னு நான் சொல்ல வரலை. அது அவங்க வேலை. அடுத்து எங்க கம்பெனி என்ன பண்ணுச்சுங்கறதுதான் என் கதை.

பொங்கல் லீவு முடிஞ்சு ஆளுங்க வந்ததும் மேனேஜர் கூப்பிட்டார். "நம்ம ரோல்ல பெங்காலி பேசறவங்க எத்தனை பேருன்னு லிஸ்ட் எடுங்க."

எடுத்தேன். முப்பத்தி சொச்சம் பேரு. அவர் சிவப்புப் பேனாவை எடுத்து ஒவ்வொரு பேரா பாத்துட்டு வட்டம் போட்டார். பன்னெண்டு வட்டம். பன்னெண்டும் முஸ்லிம் பேரு. மத்தவங்களும் அதே மால்டா, அதே முர்ஷிதாபாத், அதே மொழிதான். அவங்க பேருக்கு வட்டம் இல்லை. நான் அதைப் பாத்தேன். ஒண்ணும் கேக்கலை. இதையும் எழுதித்தானே ஆகணும்.

"இவங்க ஒரிஜினல் பேப்பர் கொண்டாந்து காட்டற வரைக்கும் உள்ள விடாதீங்க. ஆதார் வேண்டாம். ஆதார் வச்சிருந்தவனைத்தான் புடிச்சிருக்காங்க."

ஆதார் விஷயத்துல அவர் சொன்னது பாதி சரி. ஆதார் சட்டம் 2016-ல அது குடியுரிமைக்கு ஆதாரம் ஆகாதுன்னு தெளிவா இருக்கு. வருஷத்துல 182 நாள் இங்க தங்கியிருந்தா வெளிநாட்டுக்காரருக்கும் ஆதார் கிடைக்கும். உங்க கார்டையே எடுத்துப் பாருங்க, இது அடையாளச் சான்று, குடியுரிமைச் சான்று இல்லைன்னு பொடி எழுத்துல போட்டிருக்கும். ஆனா, வேற எந்தப் பேப்பர்தான் குடியுரிமைச் சான்று? அதை மேனேஜர் சொல்லலை. எனக்கும் அப்போ தெரியாது.

வீட்டுக்கு வந்து ராத்திரி உக்காந்து படிச்சேன். 1955 குடியுரிமைச் சட்டப்படி, இந்த நாட்டுல 1987 ஜூலை 1-க்கு முன்னாடி பொறந்திருந்தா பொறந்ததே போதும். அதுக்கப்புறம் 2004 டிசம்பர் 3 வரைக்கும் பொறந்தவங்கன்னா அப்பா அம்மால ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். அதுக்கும் அப்புறம்னா ரெண்டு பேரும் இந்தியரா இருக்கணும், இல்லை ஒருத்தர் இந்தியராவும் இன்னொருத்தர் அனுமதியில்லாம வந்தவரா இல்லாமலும் இருக்கணும். அதாவது எங்க லைன்ல இருக்கற இருவது வயசுப் பசங்க தன்னை நிரூபிக்க முதல்ல அப்பாவை நிரூபிக்கணும். அதுக்கும் மேல ஒண்ணு. வெளிநாட்டுக்காரரான்னு கேள்வி வந்துட்டா, இல்லைன்னு காட்ட வேண்டிய பொறுப்பு அந்த ஆளு தலையிலதான். 1946 வெளிநாட்டவர் சட்டத்துல அப்படி இருந்துச்சு. அதுக்குப் பதிலா 2025 செப்டம்பர் 1-ல இருந்து நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்துலயும் அப்படியே இருக்கு.

நான் பொறந்தது அவிநாசிக்குப் பக்கத்துல ஒரு கிராமத்துல, வீட்டுலதான். பர்த் சர்ட்டிபிகேட் கிடையாது. பள்ளிக்கூடத்துல சேக்கும்போது வாத்தியார் கையைத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடச் சொன்னார். தொட்டேன். அவரே ஒரு தேதி போட்டார். இன்னி வரைக்கும் என்னோட பிறந்தநாள் அதுதான். என்னை யாரும் ஒரிஜினல் கேக்காததுக்குக் காரணம் நான் பேசற பாஷை மட்டும்தான்.

பன்னெண்டு பேர்ல ஒருத்தி செக்கிங்ல வேலை பாத்த பொண்ணு. மால்டா மாவட்டம். புருசன் அதே கம்பெனியில ஓவர்லாக் டைலர், அவன் பேரும் வட்டத்துக்குள்ள. இந்தப் பொண்ணு 2022-லயே திருப்பூர்ல வேற ஒரு கம்பெனியில இருந்தவ, ஈஎஸ்ஐ நம்பர் அப்போ போட்டது. நடுவுல ஊருக்குப் போயிட்டு, 2025 ஜனவரி 2-ம் தேதி எங்க கம்பெனியில சேர்ந்தா. சேரும்போதே ரெண்டு மாசம். எனக்கு அது தெரியாது. சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டோம்னு பயந்திருப்பா. பயந்ததுல தப்பில்லை.

ஜனவரி 20, திங்கக்கிழமை காலையில கேட்டுல வச்சு நிறுத்தினது நான்தான்.

"அண்ணா, எவ்ளோ நாள்?"

"பேப்பர் வந்த அன்னிக்கே உள்ள வந்துரலாம் கண்ணு."

அவ்வளவுதான் பேச்சு. சத்தம் போடலை, அழுகலை. பன்னெண்டு பேரும் கேட்டுக்கு எதுத்தாப்புல இருந்த டீக்கடை ஓரமா நின்னு ஊருக்குப் போன் பண்ணுனாங்க. ஊர்ல இருந்து வாட்ஸ்அப்ல போட்டோ அரை மணி நேரத்துல வந்துருச்சு. மேனேஜர் போட்டோ வேண்டாம், ஒரிஜினல்னு சொல்லிட்டார். அப்போ தபால்லதான் வரணும்.

இங்க ஒரு இடைச்செருகல். அசாம்காரப் பசங்க ரெண்டு பேரு இருந்தாங்க, அவங்க பேருக்கு வட்டம் இல்லை. ஆனா சேதி கேட்டதும் அவங்களே ஆளுக்கொரு பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிட்டு என் மேசைக்கு வந்துட்டாங்க. தாத்தா பேரு இருக்கற பழைய வோட்டர் லிஸ்ட் நகல்ல ஆரம்பிச்சு எல்லாம் வரிசையா இருக்கு. அங்க 1971 மார்ச் 24-ங்கற தேதியை வச்சு எல்லாரையும் கணக்கெடுத்து, 2019 ஆகஸ்ட் 31-ல விட்ட பட்டியல்ல 19 லட்சம் பேருக்கு மேல விட்டுப்போச்சே, அந்த ஊர்ப் பசங்க. ஃபைலை நான் கேக்கவே இல்லை. "இருக்கட்டும் சார், பாத்துக்கங்க"ன்னு நீட்டறான். வயசு இருபத்தி ரெண்டுதான் இருக்கும்.

இன்னொண்ணு. அந்த லிஸ்ட் எடுத்த அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சு எங்க கம்பெனியில இந்தியக் குடிமகள் இல்லாத ஒருத்தங்க நிஜமாவே இருந்தாங்க. செக்கிங் டேபிள்ல அந்த மால்டா பொண்ணுக்கு எதிர்ல உக்காந்திருக்கற அக்கா. 1990-ல படகுல மண்டபத்துக்கு வந்து இறங்கி, அப்புறம் முகாம், முகாம்ல இருந்து கல்யாணம், அங்கிருந்து திருப்பூர் வேலை. முகாம் அடையாள அட்டை வச்சிருக்காங்க. 2021-ல அந்த முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்னு பேரு மாத்தி, மாச உதவியையும் குடும்பத் தலைவருக்கு 1,500, மத்த பெரியவங்களுக்கு 1,000, குழந்தைக்கு 500 ரூபாய்னு உயர்த்துனாங்க. அந்தக் காசு வேணும்னா முகாம்ல ஆள் கணக்கு எடுக்கற அன்னிக்கு நேர்ல போய் நிக்கணும். அன்னிக்கு ஒரு நாள் அக்கா லீவு கேப்பாங்க, நான் குடுப்பேன். அவங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கு, பிஎஃப் இருக்கு. எந்தச் சட்டமும் குறுக்க வரலை.

அந்த அக்கா பேரு லிஸ்ட்லயே இல்லை. தமிழ் பேசறாங்களே!

சிவப்பு வட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டுட்டு அக்கா என்கிட்ட வந்து, "தம்பி, என்ட பேப்பரையும் பாக்கோணுமோ?"ன்னு கேட்டாங்க. வேண்டாம்க்கான்னு சொன்னேன். "அவள் பிள்ளைத்தாச்சியடா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அப்பத்தான் எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் மண்டையில ஒண்ணும் உறைக்கலை. பாவம், நின்னுட்டே இருக்காளேன்னு தோணுச்சு, அவ்வளவுதான்.

ஒம்போது வேலை நாள் ஆச்சு. ஜனவரி 30, வியாழக்கிழமை ஸ்பீட் போஸ்ட் கவரோட வந்தா. அப்பாவோட வோட்டர் கார்டு, பஞ்சாயத்துல குடுத்த இருப்பிடச் சான்று, பள்ளிக்கூட சர்ட்டிபிகேட், நிலப் பத்திரம் ஒண்ணு. பாதிக்கு மேல பெங்காலியில இருக்கு.

நெஞ்சைத் தொட்டுச் சொல்றேன், எனக்கு பெங்காலியில ஒரு எழுத்து தெரியாது. மேனேஜருக்கும் தெரியாது. கம்பெனியில அதைப் படிக்கத் தெரிஞ்சவங்க யாருன்னா, அந்த முப்பத்தி சொச்சம் பேருதான். செல்போன்ல போட்டோ பிடிச்சு மொழிபெயர்ப்பு போட்டுப் பாத்தேன். நிலப் பத்திரத்துல ஒரு இடத்துல "மாம்பழம் கிழக்கு"ன்னு வந்துச்சு. சீல் இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. டிக் போட்டேன். போகலாம் கண்ணுன்னு சொன்னேன்.

யாரும் படிக்காத பேப்பருக்காக ஒம்போது நாள்.

பன்னெண்டு பேர்ல ஒன்பது பேரு பேப்பர் கொண்டாந்தாங்க. மூணு பேரு திரும்பியே வரலை. அவங்க யாரு, என்னன்னு எனக்குத் தெரியாது. நிஜமாவே எல்லை தாண்டி வந்தவங்களா, இல்லை வெறுத்துப்போய் வேற கம்பெனிக்குப் போயிட்டாங்களா... மேனேஜர் மட்டும் "பாத்தீங்களா, மூணு பேரு மாட்டாம ஓடிட்டான்"னு சந்தோஷமா சொன்னார்.

இது இதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். ஜூலைலதான் தெரிஞ்சது, முடியலைன்னு.

ஈஎஸ்ஐ கணக்கு தெரியாதவங்களுக்காகக் கொஞ்சம் விளக்கிடறேன். ஏப்ரல் 1-ல இருந்து செப்டம்பர் 30 ஒரு பங்களிப்புக் காலம். அக்டோபர் 1-ல இருந்து மார்ச் 31 இன்னொண்ணு. கட்டுன காசுக்கான பலன் உடனே வராது, மூணு மாசம் தள்ளி வரும். அக்டோபர்-மார்ச்ல கட்டினதுக்குப் பலன் அடுத்த ஜூலை-டிசம்பர்ல. பிரசவத்துக்கு 26 வாரம் முழுச் சம்பளம் உண்டு. அதுக்கு நிபந்தனை, பிரசவம் விழற பலன் காலத்துக்கு முந்தின ரெண்டு பங்களிப்புக் காலத்துலயும் சேத்து 70 நாளாவது சம்பளம் வாங்கிப் பங்கு கட்டியிருக்கணும். 70 நாள்ங்கறது பெரிய விஷயமே இல்லை. மூணு மாசம் வேலை செஞ்சாப் போதும்.

இந்தப் பொண்ணுக்குப் பிரசவம் ஆகஸ்ட் கடைசியில. அதனால பாக்க வேண்டியது 2024 ஏப்ரல்ல இருந்து 2025 மார்ச் வரைக்கும். 2024 முழுக்க ஊர்ல இருந்தா, பூஜ்யம். எங்க கம்பெனியில ஜனவரி 2-ல இருந்து 31 வரைக்கும் ஞாயிறு கழிச்சு, பொங்கல் லீவு சம்பளத்தோட சேத்து 26 நாள். பிப்ரவரி 24. மார்ச் 26, ரம்ஜான் லீவும் சேத்துத்தான். மொத்தம் 76. அவ ஒரு நாள் கூட லீவு போடலை. வாந்தி எடுத்துட்டு வந்து உக்காந்து பீஸ் பாத்திருக்கா.

76-ல 9 போனா 67.

ஜூலையில அவளுக்கு ஃபாரம் போடறதுக்காக கணக்கைத் திறந்தேன். 67-னு வந்துச்சு. தப்பா இருக்கும்னு மஸ்டர் ரோலை எடுத்துக் கையால எண்ணுனேன். ஜனவரி 20-ல இருந்து 29 வரைக்கும் ஞாயிறு நீங்கலா ஒம்போது கட்டத்துலயும் என் கையெழுத்துல ஒரே எழுத்து. 'ஆப்சென்ட்'டுக்குப் போடற ஆ.

ஆப்சென்ட்டாம். கேட்டுக்கு வெளிய ஒம்போது நாளும் வந்து நின்னவளுக்கு நான் போட்டது ஆப்சென்ட்.

நாளுக்கு 430 ரூபாய் சம்பளம். 26 வாரம்னா 182 நாள். 78,260 ரூபாய். அவளுக்குக் கிடைக்காமப் போனது அது. அந்த மூணு நாளுக்குக் கம்பெனி சம்பளம் குடுத்திருந்தா 1,290 ரூபாய். அதுக்கு ரெண்டு பங்கும் சேத்து ஈஎஸ்ஐ கட்ட வேண்டியது 51 ரூபாய் சொச்சம். நிறுத்தி வச்சது கம்பெனிதானே, அந்த நாளுக்குச் சம்பளம் குடுத்திருக்கறதுதான் நியாயம். குடுத்துக் கணக்கையும் திருத்தியிருக்கலாம். ஆனா பங்களிப்புக் காலம் முடிஞ்சு 42 நாளுக்குள்ள பண்ணியிருக்கணும். மே 12-ஓட அந்தக் கதவு மூடிருச்சு. ஜூலையில நான் போர்ட்டலைத் திறந்து உக்காந்திருந்தேன், அது ஒண்ணையும் வாங்கலை.

ஈஎஸ்ஐ இல்லாத இடத்துக்குன்னு அப்போ இருந்த மகப்பேறு சட்டத்துல கணக்கு வேற. பிரசவத்துக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை செஞ்சிருந்தாப் போதும். இவ ஜூலை வரைக்கும் வேலை செஞ்சா, அந்தக் கணக்குல தாராளமாத் தேறியிருப்பா. ஆனா ஈஎஸ்ஐ இருக்கற கம்பெனிக்கு அது பொருந்தாது. நல்லா இருக்கில்ல? குழந்தை ஜனவரியில பொறந்திருந்தாலும் காசு கிடைச்சிருக்கும். குழந்தைக்கு அதெல்லாம் தெரியுமா?

முதலாளிகிட்டப் போனேன். நல்ல மனுசன்தான். கேட்டுட்டு, "அட, மூணு நாளா?"ன்னார். மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். மேனேஜர், "ரூல் பிரகாரம்தானுங்க பண்ணுனோம்"னார். எந்த ரூல்னு யாரும் கேக்கலை. கடைசியில இருவதாயிரம் ரூபாய் எடுத்துக் குடுத்தார். குடுத்துட்டு, "அட்வான்ஸ்னு எழுதிக்கங்க"ன்னார். அட்வான்ஸ்னா திரும்பப் பிடிக்கணும். இன்னும் நான் பிடிக்க ஆரம்பிக்கலை. அவரும் கேக்கலை. எத்தனை நாளைக்கோ.

எங்க சித்தப்பா பையன் நியூஜெர்சியில இருக்கான். அவன்கிட்ட இதைச் சொன்னப்போ அங்க எப்படின்னு சொன்னான். அங்க வேலைக்குச் சேர்ற எல்லாருக்கும், அந்த நாட்டுக்காரனே ஆனாலும், ஐ-9னு ஒரு படிவம். 1986-ல வந்த சட்டம். ஒரு பட்டியல் இருக்குமாம். அதுல எந்தப் பேப்பரைக் காட்டறதுன்னு தொழிலாளிதான் முடிவு பண்ணுவான். இதைத்தான் கொண்டான்னு கம்பெனி சொல்லக்கூடாது. பேரையும் முகத்தையும் பாத்து சிலர்கிட்ட மட்டும் கூடுதலாக் கேட்டா அது பாகுபாடு, கேஸ் ஆகும். அரசாங்க உதவிக்கு மனு போட்டா குடியேற்ற நிலையை 'சேவ்'னு ஒரு அமைப்பு மூலமா சரிபாக்கறாங்க. அதுலயும் மருத்துவ உதவி, உணவு உதவி மாதிரி சில திட்டங்கள்ல, பேப்பர் குடுத்துட்டு சரிபார்ப்புக்குக் காத்திருக்கற நேரத்துல அதைக் காரணமா வச்சு உதவியை நிறுத்தவோ தள்ளிப்போடவோ கூடாதுன்னு சட்டத்துலயே இருக்கு. அமெரிக்கா சொர்க்கம்னு சொல்லலைங்க. பச்சை அட்டை இருக்கறவங்களுக்கே அஞ்சு வருசம் பல உதவி கிடையாதுன்னு 1996-ல இன்னொரு சட்டம் போட்டவங்கதான் அவங்களும். ஆனா "பாத்து முடியற வரைக்கும் நிறுத்தாதே"ங்கற அந்த ஒரு வரி... அது எங்க மேனேஜருக்கோ எனக்கோ தோணவே இல்லை. எங்களுக்கு முதல்ல தோணுனது நிறுத்தறதுதான். அப்புறம்தான் பாக்கறது. அதுவும் படிக்காமப் பாக்கறது.

பிரசவம் ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியில நல்லபடியா ஆச்சு. வைத்தியம் வேற, காசு வேற. வைத்தியத்துக்கு அந்த எழுபது நாள் குறுக்க வரலை. பொண் குழந்தை.

அந்தச் சமயத்துல இன்னொரு சேதி அவங்க போன்ல ஓடிட்டு இருந்துச்சு. பீர்பூம் மாவட்டத்துப் பொண்ணு ஒருத்தி, டெல்லியில பிழைக்கப் போனவ, வயித்துல குழந்தையோட இருந்தவளை 2025 ஜூன்ல பிடிச்சு வங்கதேசத்துக்குள்ள தள்ளி விட்டுட்டாங்க. செப்டம்பர்ல கல்கத்தா உயர் நீதிமன்றம் அது செல்லாதுன்னு சொல்லி, உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், டிசம்பர்லதான் அவ திரும்பி வந்தா. இதை எங்க பொண்ணோட புருசன் என்கிட்ட போன்ல காட்டுனான். நிறைமாசமா இருக்கறவளுக்கு இதைக் காட்டாதடான்னு சொன்னேன். "அவதான் எனக்குக் காட்டுனா அண்ணா"ன்னான்.

நவம்பர் 4-ம் தேதி தமிழ்நாட்டுலயும் மேற்கு வங்கத்துலயும் ஒரே நாள்ல வாக்காளர் பட்டியல் சிறப்புத் திருத்தம் ஆரம்பிச்சது. எல்லாரும் பழைய பட்டியல்ல தன் பேரையோ அப்பா அம்மா பேரையோ தேடிக் காட்டணும். அவ புருசன் ஃபாரம் குடுக்க மால்டாவுக்கு ரயிலேறிட்டான். நான் என் பேரைத் தேடுனேன். பழைய பட்டியல்ல எங்க அப்பா பேரு வேற என்னமோவா அச்சாகியிருக்கு, வயசு பத்து வருசம் கம்மி. வீட்டம்மாவையும் வச்சுக்கிட்டு ராத்திரி பதினோரு மணிக்கு செல்போனைப் பெருசு பண்ணிப் பாத்துட்டு இருந்தேன். "இதுக்கு ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"ன்னு கேட்டா. டிசம்பர் 19-ல வந்த வரைவுப் பட்டியல்ல தமிழ்நாட்டுல மட்டும் 97 லட்சம் பேரு போல நீக்கியிருந்தாங்க. செத்தவங்க, இடம் மாறினவங்க எல்லாம் சேத்துத்தான். என் பேரு இருந்துச்சு. இருக்கும்னு தெரியும். ஆனாலும் பாத்து முடிச்சப்புறம்தான் தண்ணி குடிச்சேன்.

அந்த டிசம்பர்லயே அந்தப் பொண்ணு குழந்தையோட டைம் ஆபீஸுக்கு வந்தா. பொங்கல் கழிச்சு வேலைக்கு வர்றேன்னு சொல்றதுக்கு. குழந்தை மப்ளருக்குள்ள தூங்கிட்டு இருந்துச்சு. முகாம் அக்கா ஓடி வந்து வாங்கிக்கிட்டாங்க.

அந்த 67 நாள் கணக்கை நான் அவளுக்கு ஜூலையிலயே சொல்லிட்டேன். மூணு நாள் என்னாலதான் போச்சுன்னும் சொன்னேன். அவளுக்குத் தமிழ் ஓரளவு வரும். புரிஞ்சுதா இல்லையான்னு தெரியலை. அப்போ அவ கேட்டது ஒண்ணே ஒண்ணு. "பேப்பர் சரியா இருந்துச்சில்ல அண்ணா?" சரியா இருந்துச்சு கண்ணுன்னேன்.

டிசம்பர்ல வந்தப்போ பையில இருந்து குழந்தையோட பிறப்புச் சான்றிதழை எடுத்து மேசையில வச்சா. பிறந்த இடம் திருப்பூர்னு தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் போட்டிருக்கு. பத்து ஜெராக்ஸ் வேணும், கலர்ல. அப்புறம் ஒரிஜினலை லேமினேசன் போட்டுத் தரணும்.

லேமினேசன் போட்டா சில ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க, வேண்டாம்னு சொன்னேன். 2023 அக்டோபருக்கு அப்புறம் பொறந்த குழந்தைங்களுக்கு பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் இந்த ஒரு சான்றிதழ்தான் ஆதாரம், பத்திரமா வச்சுக்கோன்னும் சொன்னேன். அப்பா அம்மாவோட பேப்பரும் சேந்துதான் இதுக்கு மதிப்புங்கறதைச் சொல்லலை.

ஜெராக்ஸ் பத்து போட்டேன். ஆபீஸ் மெஷின், ஆபீஸ் பேப்பர். கணக்குல எழுதலை. ஒரிஜினலைப் பிளாஸ்டிக் கவர்ல போட்டு, அந்த அசாம் பசங்க வச்சிருந்த மாதிரியே ஒரு ஃபைல் வாங்கி அதுல வச்சுக் குடுத்தேன். நாப்பது ரூபாய். வாங்கிக்க மாட்டேன்னா. வாங்கிக்க வச்சேன்.